சுஹைலி முதல் நீர்ச்சிறகு வரை

சந்தவாசலில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. மேற்கே சவ்வாது மலை. அதன் அடிவாரத்தில் வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும். வங்கக் கடலோ கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. நம் மக்களுள் பெரும்பாலோர் செண்பகத்தோப்பு அணையில் தேங்கிய நீரைத்தான் பெருநீர்ப் பரப்பாகக் கண்டவர்கள். இத்தகைய ஊரிலிருந்து பாய்மரப் படகுகளைப் பற்றி எழுத முனைவதற்கு மறைக்கல்வி வகுப்புக்கு வரும் ஒரு சிறுவனே காரணம். திருப்பலி முடிந்த ஒரு ஞாயிறன்று தன் அண்ணனின் கைபேசியை என்னிடம் நீட்டி, "சாமி, இது படகா, ஏரோப்பிளேனா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டான். திரையில் பாய் விரித்த படகு ஒன்று நீரைத் தொடாமல், அலைகளுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் விரைந்துகொண்டிருந்தது. பக்கவாட்டிலிருந்து வளைந்து இறங்கிய மெல்லிய கத்தி போன்ற ஒன்று மட்டுமே நீருக்குள் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு மனிதர் இருக்கிறார் என்றும், அவர் உலகையே சுற்றி வரப் போகிறார் என்றும் சொன்னபோது அவன் நம்பவில்லை. நானும் அன்று முழுமையாக அறிந்து சொல்லவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தனி மனிதர் எங்கும் நிற்காமல், எவருடைய உதவியும் பெறாமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றுவது இயலும் என்பதை முதன்முதலில் மெய்ப்பித்த படகு நம் நாட்டில் கட்டப்பட்டது. இச்செய்தியை நம்மில் பலர் அறியோம். அப்படகின் பெயர் சுஹைலி. ஆங்கிலேய வணிகக் கப்பல் அலுவலரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1960-களின் முற்பகுதியில் பம்பாயில் தேக்கு மரத்தால் அதைக் கட்டுவித்தார். நீளம் பத்து மீட்டருக்கும் சற்றுக் குறைவு. வாய்ச்சியும் கைத்துளைப்பானும் கொண்டு உழைத்த பம்பாய்த் தச்சர்களே அதற்கு உருக்கொடுத்தனர். அவர்களுடைய பெயர்கள் உலகப் படகு வரலாற்றில் இடம்பெறவில்லை.

1968-இல் லண்டன் செய்தித்தாள் ஒன்று தனியர் உலகச் சுற்றுப் போட்டியை அறிவித்தது. ஒன்பது பேர் புறப்பட்டனர், ஒருவரே போட்டியை முடித்தார். 1968 ஜூன் 14 அன்று புறப்பட்ட சுஹைலி, 312 நாள்களுக்குப் பின் 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தை வந்தடைந்தது. வண்ணம் உரிந்து, துருப்பிடித்து, உப்பில் ஊறி வந்த அந்தத் தேக்குப் படகு, அதைவிட நவீனமான, அதைவிட விரைவான படகுகள் தோற்ற இடத்தில் வென்றது.

மற்ற எண்மருள் மூவரின் கதையை இங்குக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. வியட்நாமில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெசியே வெற்றி பெறக்கூடிய நிலையில் இருந்தார். ஆனால் ஐரோப்பாவுக்குத் திரும்ப மனமின்றிப் போட்டியைத் துறந்து, மீண்டும் நன்னம்பிக்கை முனையைக் கடந்து, தாஹித்தித் தீவுக்குப் படகைச் செலுத்தினார். டொனால்டு குரோஹர்ஸ்ட் என்பவரோ ஆயத்தம் முடியாத மூவுடல் படகில் கடன் சுமையோடு புறப்பட்டவர். அட்லாண்டிக் கடலிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இருப்பிடங்களை வானொலியில் அனுப்பினார். அந்தப் பொய்யை நம்பிய நைஜல் டெட்லி, தம்மைப் பின்னாலிருந்து ஒருவர் துரத்துகிறார் என்று எண்ணித் தம் படகைத் தாங்காத அளவுக்கு விரட்டினார். அது ஏறக்குறைய முடிவை எட்டும் வேளையில் உடைந்து மூழ்கியது. குரோஹர்ஸ்டின் ஆளற்ற படகு 1969 ஜூலையில் கண்டெடுக்கப்பட்டது. அவர் திரும்பவே இல்லை. வென்ற நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை அப்படியே குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இனி அந்தச் சிறுவன் காட்டிய பறக்கும் படகுக்கு வருவோம். தனியர் உலகச் சுற்றுப் போட்டிகளில் இன்று முதன்மையானது பிரான்சு நாட்டின் லே சாப்ல்-தொலோன் துறைமுகத்திலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புறப்படும் வாந்தே குளோப். 1989-இல் தொடங்கிய இதன் முதல் வெற்றியாளருக்கு 109 நாள்கள் தேவைப்பட்டன. 2012-13 போட்டியில் 78 நாள்கள். 2024-25 போட்டியில் சார்லி தலேன் என்பவர் 64 நாள் 19 மணி நேரத்தில் முடித்தார். சுஹைலி எடுத்துக்கொண்ட காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! வலுவான கரிமநார் உடல், வானிலைக் கணிப்பு, செயற்கைக்கோள் தொடர்பு, தானியங்கிச் சுக்கான் எனப் பல காரணங்கள் இதற்குண்டு. எனினும் அண்மைக் காலத்தில் வந்த பெரும் மாற்றம் 'ஃபாயில்' என்னும் நீர்ச்சிறகே.

இதன் தத்துவம் எளிது. நீரில் செல்லும் படகின் விரைவைத் தடுப்பது நீரே. உடல் எவ்வளவு நீரில் அமிழ்கிறதோ, எவ்வளவு அலையை எழுப்புகிறதோ, அவ்வளவு தடை. விமானத்தின் இறக்கை காற்றில் மேல்தூக்கு விசையைப் பெறுவதுபோல, அதே வடிவமுடைய சிறகு ஒன்றை நீருக்குள் செலுத்தினால் அதுவும் மேல்நோக்கித் தூக்கும். நீர் காற்றைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. ஆகவே சிறிய சிறகே பெரிய சுமையைத் தூக்கிவிடும். விரைவு இரட்டித்தால் தூக்கு விசை நான்கு மடங்காகிறது. எட்டு ஒன்பது டன் எடையும் பதினெட்டு மீட்டர் நீளமும் உடைய படகு இவ்வாறுதான் நீரைவிட்டு எழுகிறது. எழுந்தபின் தடை குறைகிறது. தடை குறைய விரைவு மிகுகிறது. விரைவு மிக மேலும் எழுகிறது.

நம் கட்டுமரத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பகுதி புதிதன்று. காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது பாய் விரித்த கட்டுமரம் காற்றோடு ஒதுங்கிப் போகாதிருக்க, மீனவர்கள் ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்குவர். கச்சானும் கொண்டலும் மாறி மாறி வீசும் கரையில் அப்பலகை இன்றிப் பாயை மட்டும் நம்ப இயலாது. நீருக்குள் இறங்கும் அந்தத் தட்டையான பரப்பு பக்கவாட்டு விசையை எதிர்க்கிறது. அதையே வளைத்து, இறக்கை வடிவில் செதுக்கி, சாய்வாக இறக்கினால் மேல்தூக்கும் கிடைக்கும். நவீனப் பொறியாளர்கள் கட்டுமரத்திலிருந்து இதைக் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு பெருமை பேசுவது உண்மைக்குப் புறம்பாகும். நாம் கொடுத்தது சொல் ஒன்றுதான். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 'கட்டுமரம்' என்ற சொல்லைத் தம் பயண நூலில் பதிவு செய்தார். பின்னாளில் ஆங்கிலேயர் அதை இரட்டை உடல் படகுகளுக்கு இட்டு வழங்கினர். மரங்களை அருகருகே சேர்த்துக் கட்டிய நம் மிதவைக்கும் பசிபிக் தீவினரின் இரட்டைப் படகுக்கும் உறவு இல்லை. ஆயினும் பாரிசிலும் சிட்னியிலும் இன்று ஒலிப்பது நம் கடற்கரைச் சொல்லே.

நீர்ச்சிறகின் வரலாறு பாய்மரத்தில் தொடங்கவில்லை. இத்தாலியப் பொறியாளர் என்ரிக்கோ ஃபொர்லானினி 1906-இல் மஜ்ஜோரே ஏரியில் எந்திரப் படகு ஒன்றை இவ்வாறு எழச் செய்தார். தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் கனடாவில் கட்டிய படகு 1919 செப்டம்பரில் மணிக்கு 114 கிலோமீட்டர் விரைவை எட்டியது. எந்திரத்தின் ஆற்றல் இல்லாமல் காற்றை மட்டும் நம்பி ஆழ்கடலில் இதை முயன்றவர் பிரெஞ்சுக் கடலோடி எரிக் தபார்லி. அவருடைய சிறகு பொருத்திய மூவுடல் படகு 1980-இல் அட்லாண்டிக்கைப் பத்தே நாளில் கடந்து, 1905 முதல் முறியாதிருந்த பாய்மரச் சாதனையை முறித்தது. அவ்வளவு கடல்களை வென்ற அந்த மனிதர் 1998 ஜூனில் தம் பழைய மரப்படகிலிருந்து இரவில் தவறி விழுந்து மறைந்தார். 2009-இல் இட்ரொப்டேர் என்னும் பிரெஞ்சுப் படகு ஐம்பது நாட் விரைவைக் கடந்தது. 2013-இல் அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் பெரிய படகுகள் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பறந்ததை உலகமே கண்டது. 2015-இல் தனியர் உலகச் சுற்றுப் படகுகளுக்கும் சிறகு வந்தது. 2016-17 வாந்தே குளோப்பில் சிறகுடைய படகே முதலிடம் பெற்றது. அர்மெல் லெ க்லியாக் 74 நாளில் முடித்தார். அதே போட்டியில் அலெக்ஸ் தாம்சன் என்பவர் ஒரு பக்கச் சிறகு முறிந்த நிலையிலும் இரண்டாமிடம் பெற்றார்.

2024 டிசம்பரில் செபாஸ்தியன் சிமோன் என்ற தனியர் இருபத்து நான்கு மணி நேரத்தில் 615 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 1,139 கிலோமீட்டர் சென்றார். சென்னைக்கும் மும்பைக்கும் உள்ள வான்வழித் தொலைவைவிட இது மிகுதி. காற்றைத் தவிர வேறு உந்துவிசை இல்லை.

இதற்குரிய விலையை அந்தப் படகில் இருப்பவரே செலுத்துகிறார். இவ்வகைப் படகுகளின் விதிமுறை, சுக்கானில் நிலைகாக்கும் கிடைச்சிறகு பொருத்துவதைத் தடை செய்கிறது. அதனால் படகின் முன்பகுதி எழுவதும், தாங்குதல் தவறியதும் மொத்த எடையோடு அலையில் வந்து மோதுவதுமாகப் பயணம் தொடர்கிறது. உள்ளே இருப்பவர் தலைக்கவசம் அணிய வேண்டியிருக்கிறது. எங்கும் மூடிய அறை; வெளியே வானைக் காண்பதற்கும் வாய்ப்புக் குறைவு. சிறகு நீரைக் கிழிக்கும் சீழ்க்கை ஒலி இரவும் பகலும் ஓய்வதில்லை. உறக்கம் அரைமணி நேரத் துண்டுகளாகவே கிடைக்கிறது. கைகளால் சுக்கானைப் பிடிப்பது அரிது, தானியங்கியே ஓட்டுகிறது. இதை முவாத்தெசியே கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

2020-21 வாந்தே குளோப் போட்டியை மட்டும் சற்று விரிவாகக் காண விழைகிறேன். முந்தைய போட்டியைவிடப் பெரிய சிறகுகளோடு படகுகள் புறப்பட்டன. நவம்பர் 30 அன்று நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் படகு அலையில் மோதி நடுவே மடிந்தது. சில நிமிடங்களில் அவர் உயிர்காப்பு மிதவையில் இருந்தார். அறுபதைக் கடந்த ஜான் லெ காம் அருகில் இருந்தார். அவருடைய படகு 2007-இல் கட்டப்பட்ட, சிறகில்லாத பழைய படகு. போட்டியை மறந்து அவர் திரும்பினார். மிதவையை ஒருமுறை கண்டார், அலையில் இழந்தார், இருளில் மீண்டும் தேடினார். பதினொரு மணி நேரத்துக்கும் மேல் மிதவையில் கிடந்தவரை அவரே மீட்டார். யானிக் பெஸ்தவென், போரிஸ் ஹெர்மன் முதலியோரும் தம் வழியைவிட்டுத் தேடுதலுக்கு வந்திருந்தனர்.

தேடுதலில் செலவழித்த நேரத்தை நடுவர்கள் கணக்கிட்டுத் திருப்பித் தந்தனர்: லெ காமுக்கு 16 மணி 15 நிமிடம், பெஸ்தவெனுக்கு 10 மணி 15 நிமிடம், ஹெர்மனுக்கு 6 மணி. 2021 ஜனவரி 27 அன்று சார்லி தலேன் முதலாவதாகக் கோட்டைக் கடந்தார். பெஸ்தவென் கடந்தது ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்து. ஆனால் திருப்பித் தரப்பட்ட நேரத்தைக் கழித்தபோது பெஸ்தவென் இரண்டரை மணி நேரம் முந்தியவரானார். பட்டம் அவருக்கே சென்றது. எண்பது நாள் ஓட்டத்தின் முடிவு, தேடிக் கிடைக்காத ஒருவரைத் தேடி அலைந்த இரவால் முடிவாயிற்று. தலேன் இதைக் குறைகூறவில்லை. லெ காமின் பழைய படகு நான்காமிடம் பெற்றது. அவருக்குப் பின்னால் சிறகுடைய படகுகள் பல இருந்தன.

அப்போட்டியில் இன்னொன்றும் நிகழ்ந்தது. முடிவுக்கு 90 கடல்மைல் இருக்கையில் ஹெர்மனின் படகு இரவில் ஸ்பெயின் நாட்டு மீன்பிடிப் படகு ஒன்றோடு மோதியது. அவர் படகின் சிறகு சிதைந்தது. நல்வாய்ப்பாக உயிருக்கு ஊறில்லை. குமரிக் கரையிலும் தூத்துக்குடிக் கரையிலும் பணியாற்றும் அருள்தந்தையர் இச்செய்தியை வேறு விதமாகப் படிப்பர். இரவில் வலை போட்டுக் காத்திருக்கும் மீனவனுக்கு விரைந்து வரும் கலத்தின் அச்சம் எத்தகையது என்று அவர்கள் அறிவர். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் விரைவில் ஓசை குறைந்த ஒரு பாய்மரம் வருகிறது, ஓட்டுபவர் உறங்குகிறார். பாய்மர உச்சியில் வெப்பக் காமிரா பொருத்தி, மிதக்கும் பொருளையும் திமிங்கிலத்தையும் கண்டறிந்து எச்சரிக்கும் கருவிகளைப் பல படகுகள் இப்போது வைத்துள்ளன. ஆயினும் கடலில் பிழைப்புக்காக இருப்பவனுக்கும் போட்டிக்காக இருப்பவனுக்கும் இடையே வழிவிட வேண்டியவர் யார் என்ற வினாவைக் கருவி தீர்க்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

நம் நாட்டினர் இந்தச் சிறகு ஓட்டத்தில் இறங்கவில்லை. அவர்கள் சென்ற வழி வேறு. வைஸ் அட்மிரல் மனோகர் அவதியின் ஊக்கத்தால் கோவாவில் கட்டப்பட்ட மாதேய் என்னும் 56 அடிப் படகில், கடற்படைக் கமாண்டர் திலீப் தொண்டே 2009-10-இல் நான்கு துறைகளில் நின்று உலகைச் சுற்றினார். அதே படகில் கேரளத்தைச் சேர்ந்த அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டு, எங்கும் நில்லாமல், 2013 மார்ச் 31 அன்று திரும்பினார். இவ்வாறு சுற்றிய முதல் இந்தியர் அவரே.

1968 போட்டியின் பொன்விழாவாக 2018-இல் ஒரு போட்டி நடந்தது. அதில் சிறகுக்கு இடமில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டிக்கும் இடமில்லை. பழைய வடிவப் படகு, காகித வரைபடம், கதிரவனையும் விண்மீன்களையும் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி, இவ்வளவே. டோமி, சுஹைலியின் மறுவடிவமாகக் கோவாவில் கட்டப்பட்ட துரியா என்ற படகில் சென்றார். செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. எழ இயலாமல் படுக்கையில் கிடந்து சிறு செய்திகளை மட்டும் அனுப்பினார். அதே புயலில் பாய்மரம் இழந்திருந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கக்கின், தற்காலிகப் பாயைக் கட்டிக்கொண்டு அவரை நோக்கி வரத் தொடங்கினார். மொரீஷியசிலிருந்து சென்ற இந்தியக் கடற்படை விமானம் துரியாவைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் என்னும் பிரெஞ்சு மீன்வளக் காவற்கப்பல் இருவரையும் மீட்டது. டோமியின் முதுகில் டைட்டானியம் தண்டுகள் பொருத்தப்பட்டன. மீண்டும் நடக்கக் கற்றார். 2022-இல் அதே போட்டிக்கு மீண்டும் சென்று, 236 நாள் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராக வந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷாஃபர். அவரும் வழியில் ஒரு மனிதரைக் காத்தவர்: இந்தியப் பெருங்கடலில் படகு மூழ்கி மிதவையில் இருந்த ஃபின்லாந்துக்காரர் தாப்பியோ லெஹ்தினெனை மீட்டு, ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டே தம் வழியைத் தொடர்ந்தார்.

2024-25 பனிக்காலத்தில் தென்கடலில் இருவகைப் பயணங்களும் ஒரே வேளையில் நடந்தன. நவம்பர் 10 அன்று பிரான்சிலிருந்து நாற்பது தனியர்கள் புறப்பட்டனர். அதற்கு முன்பே, அக்டோபர் 2 அன்று, தாரிணி என்னும் படகில் கோவாவிலிருந்து இரு பெண்கள் புறப்பட்டிருந்தனர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. தாரிணிக்குச் சிறகு இல்லை. கோவாவில் கட்டப்பட்ட, உறுதியான, மெதுவான படகு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்துத் தீவு, தென்னாப்பிரிக்கா என நான்கு இடங்களில் நின்று, ஏறக்குறைய 25,400 கடல்மைல் கடந்து, 2025 மே 29 அன்று அவர்கள் கோவா திரும்பினர். ஏறத்தாழ எட்டு மாதம். அதற்குள் சார்லி தலேன் மூன்று முறைக்கு மேல் உலகைச் சுற்றியிருக்க இயலும் என்று அந்தச் சிறுவன் உடனே கணக்குப் போட்டான். கணக்கு சரிதான்.

ஆனால் தலேனைப் பற்றி 2025 அக்டோபரில் ஒரு செய்தி வெளிவந்தது. அவர் புற்றுநோயுடன் அந்தப் போட்டியில் ஓடியிருக்கிறார். 2023-இலேயே நோய் கண்டறியப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் மருந்தை உட்கொண்டே அவ்வளவு விரைவில் உலகைச் சுற்றினார். பந்தயத்தின்போது போட்டியாளர்கள் எவரும் அதை அறியவில்லை. 2021-இல் தாமே முதலில் வந்தும் பட்டத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது முகம் கோணாதவர் அவர். இவ்வளவும் அறிந்தபின், சிறகு வந்ததால் மனிதன் சுருங்கிவிட்டான் என்று எழுத நினைத்திருந்த வரியை நான் அடித்துவிட்டேன்.

சிறுவனின் கேள்விக்கு இன்னும் ஒரு பகுதி விடை சொல்ல வேண்டியிருந்தது. எந்திரம் இல்லை என்றால் வழி எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தான். நம் சவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதை வாசகர்கள் அறிவர். 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தாங்கும் அந்த மலைக்கு அறிவியலார் வந்தது, இருள் மிகுந்த வானத்தை நாடித்தான். செக்ஸ்டன்ட் கருவியோடு செல்பவருக்கும் அந்த வானமே ஏடு. பிப்ரவரி இரவு ஒன்பது மணியளவில் அவனை ஆலய முற்றத்துக்கு அழைத்துச் சென்று, தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே வெண்மையாய் ஒளிரும் விண்மீனைக் காட்டினேன். நம்மவர் அதை அகத்தியர் என்பர். அரபு மாலுமிகளுக்கு அது சுஹைல். 2025 பிப்ரவரியில் தாரிணி ஹார்ன் முனையைச் சுற்றியபோது அதே விண்மீன் ரூபாவுக்கும் தில்னாவுக்கும் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே இருந்திருக்கும். சிறுவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அங்கே மேகம் இருந்தா, சாமி?" என்றான்.